கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

காலையில் ஏரிக்கு அடியில் உட்கார்ந்து டீ குடிக்கிற பெண்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். இந்த வீட்டுப் பெரியவள் தினமும் குடிக்கிறாள். பாதி டம்ளர்தான். மீதி ஆறிப்போகும்.

முதலிலிருந்து கூட வருகிறவர்களுக்கு அந்த அறை பழக்கம். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்கள் கொஞ்சம் குனிந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கி வரலாம். ஏரி நடுவே நாலு சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு மிதக்கும் மரவீடு. மேலே ஒரு தளம், சின்னச் சமையலறை, ஒரு பெஞ்சு. தளத்தின் நடுவில் பெட்டி மூடி மாதிரி ஒரு கதவு. அதைத் தூக்கினால் ஏணி. ஏணி முடிகிற இடத்தில், தண்ணீருக்குள்ளே, நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஓர் அறை. நடுவில் கட்டில். படுத்தால் தலைமாட்டிலும் மீன், கால்மாட்டிலும் மீன். இதில் ஓர் இரவு தூங்குவதற்காக ஜனங்கள் விமானம் ஏறி, ரயில் ஏறி, கடைசியில் படகும் ஏறி வருகிறார்கள். வந்து பாதி இரவு தூங்காமல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவர்கள் பாடு.

அறையைக் கட்டியது பெரியவன், அதாவது பெரியவளின் கணவன். "உலகத்துல எவன் எவனோ மரத்து மேல வீடு கட்டறான், மலையைக் குடைஞ்சு ரூம் போடறான். நம்மகிட்ட இருக்கறது தண்ணி. தண்ணிக்குள்ள கட்டுவோம்" என்று ஆரம்பித்தவன். ஊரே சிரித்தது. கட்டி முடித்ததும் அதே ஊர் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சும்மா பார்த்துவிட்டுப் போனது.

இந்த அறைக்கு ஒரே ஒரு நோய் உண்டு. பாசி. ராத்திரியில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பச்சையாகப் படியும். தினமும் ஓர் ஆள் முங்கித் துடைக்க வேண்டும். வெளியே இருப்பவனுக்குத் தன் கைக்கடியில் இருப்பதுதான் தெரியும், விட்டுப்போன இடம் தெரியாது. அது உள்ளே இருந்து வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அதனால் உள்ளே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து விரலால் காட்ட வேண்டும். இங்கே. அங்கே. இன்னும் மேலே.

பெரியவன் துடைத்தான், பெரியவள் காட்டினாள். அப்படித்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. வாயைத் திறந்தால் சண்டை போடுகிற இரண்டு பேர், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நின்றால் அவ்வளவு ஒற்றுமை. வேலை முடிந்ததும் அவன் கீழ்மூலையில் உள்ளங்கையைப் பதிப்பான். உள்ளே இருந்து அவள் தன் கையை அதன்மேல் வைக்க வேண்டும். வைத்தால்தான் மேலே போவான். ஒருநாள் கோபத்தில் அவள் வைக்கவில்லை. சிலிண்டரில் காற்று தீர்ந்தாலும் சரி என்று அங்கேயே நின்றான் அந்த மனுஷன். கடைசியில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது.

போன வருஷம் குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஒரு சாயங்காலம், சங்கிலி ஒன்று முறுக்கிக்கொண்டது என்று தனியாக இறங்கினான். அது அவன் காலைச் சுற்றியது. அறைக்குப் பக்கத்திலேயேதான். உள்ளே அவள் விருந்தாளிகளுக்காகப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவன் தட்டினானா என்பது யாருக்கும் தெரியாது. தட்டியிருந்தால் கேட்டிருக்குமே என்றார்கள் எல்லோரும். விரிப்பை உதறுகிற சத்தத்தில் கேட்காமலும் போயிருக்கலாம் என்று அவள் ஒருத்தி மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது துடைப்பது சின்னவன், பெரியவனின் தம்பி. வெளியாள் வைத்துப் பார்த்தார்கள். அவன் கண்ணாடியில் கீறல் போட்டதோடு நின்றுவிட்டான். அண்ணனின் ரப்பர் உடுப்பு, அண்ணனின் சிலிண்டர், அண்ணனின் முகமூடி என்று எல்லாம் தம்பிக்கு வந்து சேர்ந்தன. முகமூடியின் பட்டை மட்டும் அவனுக்குத் தளர்வு. பெரியவனுக்கு ஊரிலேயே பெரிய தலை. "அதுல பாதி தலைக்கனம்" என்று அவளே கேலி செய்வாள். பட்டையை இறுக்கிக்கொள்ளட்டுமா என்று சின்னவன் கேட்டபோது, "அதை மட்டும் மாத்தாத தம்பி" என்றாள். அவன் ஒரு துணியை மடித்துப் பட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

இன்று காலையும் அப்படித்தான் வைத்துக்கொண்டு இறங்கியிருந்தான்.

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினாள். அவன் துடைத்தான். ரப்பர் உடுப்பு உடம்பை மறைத்தது, முகமூடி முகத்தை மறைத்தது, மிச்சமிருந்தது கண்கள்தான். அண்ணன் தம்பிக்கு ஒரே கண்கள். ஏரியின் கலங்கல் வெளிச்சத்தில் வெளியே நிற்பது யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தாள்.

நாலு பக்கமும் பளிச்சென்று ஆகிவிட்டது. அவன் கட்டை விரலை உயர்த்தி, முடிந்ததா என்று கேட்டான்.

அவள் மேல்மூலையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை.

அவன் போய்த் துடைத்தான். அடுத்து இடது பக்கம் காட்டினாள். அங்கேயும் ஒன்றும் இல்லை. துடைத்தான்.

முதல் தடவை இது தெரியாமல் நடந்தது. கண்ணாடியின் உள்பக்கம் அவள் மூச்சு பட்டுப் படிந்த ஆவியை அழுக்கு என்று நினைத்துக் காட்டிவிட்டாள். அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் அந்த முகமூடி அவள் எதிரே நின்றது. அடுத்த நாள் தெரிந்தே காட்டினாள். அதற்குப் பிறகு அது டீ மாதிரி ஆகிவிட்டது, இல்லாவிட்டால் நாள் ஓடாது. தப்பு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக மீதி நாள் முழுவதும் குற்றவாளி மாதிரி நடமாடினாள்.

சின்னவன் மேலே போனதும், யாரும் கை வைக்காத கீழ்மூலையில் அவள் தன் உள்ளங்கையைப் பதித்தாள். கண்ணாடி சில்லென்று இருந்தது.

மேலே தளத்தில் சின்னவள் துண்டோடு நின்றாள். சின்னவனின் மனைவி. ஏழாம் மாதம். கீழ் அறை என்றாலே அவளுக்குக் குலை நடுக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு தடவைகூட ஏணியில் கால் வைத்ததில்லை. "மீனைத் தட்டுல பார்த்தா போதும்" என்று சொல்லி விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பாள்.

இன்று சிரிக்க வைக்கிற முகம் இல்லை.

சின்னவன் தண்ணீரிலிருந்து ஏறியவன், நிமிர்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியைப் பிடித்தான். "வழுக்கிடுச்சு" என்றான். யாரும் கேட்கவில்லை. துண்டால் தலையைத் துவட்டி அதை அவளிடமே கொடுத்துவிட்டு உடை மாற்றப் போனான். துண்டின் ஓரத்தில், காது பட்ட இடத்தில், லேசாகச் சிவப்பு.

சின்னவள் அதை மடித்து எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். பெரியவள் விருந்தாளிகளுக்காகக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"முன்னெல்லாம் அவர் இறங்கினா, அடுப்புல வச்ச பால் பொங்கறதுக்குள்ள ஏறிடுவார். இப்பல்லாம் ஏன் இவ்வளவு நேரம்?"

கத்தி ஒரு கணம் நின்றது. "தண்ணி சூடாகுதுல்ல. பாசி ஜாஸ்தி."

"அப்படியா."

"ம்."

சின்னவள் துண்டை விரித்து மேசைமேல் வைத்தாள். "காது டாக்டர்கிட்ட போனோம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். நான் சொல்றேன். செவிப்பறை கிழிஞ்சிருக்கு. உள்ள குளிர்ந்த தண்ணி போனா தலை சுத்துமாம். கரையில நின்னா விழுந்து எழுந்துக்கலாம். தண்ணிக்குள்ள சுத்தினா, மேல எது கீழ எதுன்னே தெரியாதாம். டாக்டர் இறங்கவே கூடாதுன்னுட்டார்."

பெரியவள் அந்தச் சிவப்பையே பார்த்தாள். "எப்ப போனீங்க?"

"போன வாரம்."

"அப்புறமும் ஏன் இறங்கறான்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'அண்ணி தனியா என்ன பண்ணுவாங்க'ன்னு சொல்றார்." சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கு உங்கமேல வருத்தம் இல்லக்கா. நீங்க பட்டது பெரிசு. ஆனா இந்த ஏரி ஒரு ஆளை வாங்கியாச்சு. இன்னொரு ஆளைக் குடுக்க எனக்கு மனசு இல்ல."

சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. பெரியவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் கரையிலிருந்து படகு வருகிற சத்தம் கேட்டது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். தப்பித்தோம் என்று ஒரு நொடி தோன்றியதற்காக அப்புறம் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

வந்தவர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். வருஷம் முழுவதும் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் விடுமுறையில் எங்கே போவார்? விநோதமான இடமாகத் தேடித்தேடிப் போவாராம். சாப்பாட்டு மேசையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பனிக்கட்டியிலேயே கட்டின ஓட்டல். கட்டிலும் பனிக்கட்டி. வெயில் காலம் வந்தா உருகிப் போயிடும், மறுபடி அடுத்த வருஷம் கட்டுவாங்க. நாங்க தங்கின ரூம் இப்ப எங்கயோ ஆத்துல ஓடிட்டிருக்கும்."

"மலை விளிம்புல தொங்கற கண்ணாடிக் கூண்டைச் சொல்லுங்க" என்றார் மனைவி.

"அதுல இவ ராத்திரி முழுக்க என் கையை விடல."

"நீங்கதான் என் கையை விடல."

"சரி, யாரோ ஒருத்தர் விடல. அப்புறம் உப்புக் கட்டியில கட்டின வீடு. சுவத்தை நக்காதீங்கன்னு எழுதிப் போட்டிருந்தாங்க."

"நக்கிப் பாத்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"பல்லுக்கு நல்லதில்ல" என்றார் டாக்டர். மனைவி சிரித்த சிரிப்பில் அவர் நக்கியது எல்லோருக்கும் தெரிந்தது.

சின்னவன்கூடச் சிரித்தான். சிரிக்கும்போது இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். பெரியவள் பரிமாறிக்கொண்டே அதைப் பார்த்தாள்.

"எல்லா இடத்துலயும் பாத்துட்டேன்" என்றார் டாக்டரின் மனைவி, பெரியவளிடம் தனியாக. "அழகான இடத்துல இருக்கறவங்க யாரும் அந்த அழகைப் பாக்கறதில்ல. நீங்க எப்படி?"

"எங்க நேரம் இருக்கு" என்றாள் பெரியவள். அந்தக் கண்ணாடியை அவளைப்போலப் பார்த்தவர் யாரும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது.

சாப்பாடு முடிகிற நேரத்தில் காற்று திரும்பியது. மலைப் பக்கமிருந்து இறங்கி, ஏரியை அடிவரைக்கும் புரட்டிவிட்டு, வந்த வேகத்தில் அடங்கியது. தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. கண்ணாடியில் மட்டும் சேற்றுப் படலம் தங்கிவிட்டது. டாக்டர் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"பரவாயில்லீங்க" என்றார். அவர் சொன்ன விதத்தில் ஒரு பரவாயில்லையும் இல்லை.

சின்னவன் எழுந்தான். "ஒரு நிமிஷத்துல துடைச்சிடறேன்."

ஒரே நாளில் இரண்டாம் தடவை. சின்னவள் புருஷனைப் பார்க்கவில்லை. பெரியவளைப் பார்த்தாள்.

வேண்டாம் தம்பி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் உட்கார்ந்துவிடுவான், அண்ணி சொல்லைத் தட்டினதே இல்லை. டாக்டருக்குப் படலத்தோடு மீன் தெரிந்தால் குடி முழுகிவிடாது. பெரியவளுக்கு இது எல்லாமே தெரியும். 'விருந்தாளி அழுக்குக் கண்ணாடியைப் பாக்கக் கூடாது' என்பது அவள் கணவன் போட்ட சட்டம், அதை மீற முடியாது என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். சாக்கு என்றும் தெரியும். இன்று இரண்டாம் தடவை அந்த முகமூடியைப் பார்க்கலாம் என்று உள்ளே ஏதோ ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

"சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றாள்.

சின்னவள் சாப்பிட்ட தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

பெரியவள் கீழே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்றைக்கு ஒழுங்காகக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவது என்று உறுதியாக நினைத்தாள். வெளியே அவன் வந்தான். படலம் கோடு கோடாக விலகி, கோட்டுக்குள் முகமூடி தெரிந்தது.

பின்னால் ஏணி கிறீச்சிட்டது. திரும்பினால், முதலில் இரண்டு கால்கள், அப்புறம் வயிறு. வயிறு கதவில் இடிபட்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒருவழியாக இறங்கியது. சின்னவளுக்கு முகமெல்லாம் வேர்வை. ஏணியை விடாமல் நின்றாள்.

"நீ எதுக்கு இறங்கின?"

"எவ்வளவு பாசின்னு பாக்கலாம்னு."

பெரியவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காட்டினாள். அவன் துடைத்தான். நாலு பக்கமும் துடைத்தாகிவிட்டது. சாயங்கால வெயில் தண்ணீருக்குள் சாய்வாக விழுந்து, கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவன் கட்டை விரலை உயர்த்தினான்.

தலையசைத்துவிடு என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள். பின்னால் ஒருத்தி நிற்கிறாள். தலையசைத்தால் போதும்.

அவள் கை எழுந்தது. விரல் மேல்மூலையைக் காட்டியது.

அவன் போனான். தேய்த்தான்.

"அக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக. "அங்க என்ன இருக்கு?"

பெரியவளின் விரல் இறங்கவில்லை.

"அங்க ஒண்ணும் இல்லியேக்கா."

பெரியவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில்தான் வெளியே அவன் கையிலிருந்த பிரஷ் நழுவியது.

பிரஷ் மிதந்து மேலே போயிற்று. அவன் அதைப் பிடிக்கப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தான். தளர்ந்த முகமூடி ஒரு பக்கம் விலகி, உள்ளே பாதிக்குத் தண்ணீர் ஏறியிருந்தது. உடம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. காலை உதைத்தான். வேகமாக, நேராக, நம்பிக்கையோடு நீந்தினான், கீழே பார்த்து.

"அவர் எங்க போறார்?" சின்னவளின் குரல் உடைந்தது. "அக்கா, மேல வராம எங்க போறார்?"

மேலே எது கீழே எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கட்டிலின் பக்கத்தில் விருந்தாளிகள் மீன் பார்ப்பதற்கென்று ஒரு டார்ச் இருக்கும், கனமான இரும்பு டார்ச். பெரியவள் அதை எடுத்துக் கண்ணாடியில் தட்டினாள். ஒரு தடவை இல்லை, நிறுத்தாமல். கண்ணாடி உடைந்தால் மூன்று உயிரும் அங்கேயே போகும். அது அவள் நினைப்பில் இல்லை. அவன் நகர நகர அவளும் கண்ணாடியோடு நகர்ந்தாள், கட்டில்மேல் ஏறினாள், மறுபக்கம் குதித்தாள், தட்டினாள். தட்டினால் கேட்குமா கேட்காதா என்று ஒரு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் இப்போது அடித்துக்கொண்டிருந்தாள்.

கேட்டது. அவன் திரும்பினான்.

அவள் டார்ச்சைப் போட்டு, அதைத் தன் வலது கைமேல் பிடித்தாள். விரலை நீட்டி மேலே காட்டினாள்.

முகமூடிக்குள் அவன் கண்கள் அந்த விரலைப் பார்த்தன. அவன் தலைக்குள் அது கீழே போகிற வழி. இருந்தும் பார்த்தான். அவள் விரலை அசைக்கவில்லை. மேலே. மேலே தம்பி. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

இத்தனை நாள் பொய் சொன்ன விரல் அது. அவன் அதை நம்பினான். உடம்பைத் திருப்பி, விரல் சொன்ன பக்கம் உதைத்தான். அவன் கால்கள் கண்ணாடியின் மேல்விளிம்பைத் தாண்டி மறைந்தன.

சின்னவள் அதற்குள் ஏணியில் பாதி ஏறியிருந்தாள். எப்படி ஏறினாள் என்று பின்னால் அவளுக்கே தெரியவில்லை.

பல் டாக்டரும் டாக்டர்தான் என்பது அன்றைக்குப் பிரயோஜனப்பட்டது. தளத்தின் ஓரத்தில் தத்தளித்தவனைத் தோளைப் பிடித்து இழுத்துப் போட்டது அவர்தான். வாந்தி எடுத்து முடிக்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். நாடி பார்த்தார், காதைப் பார்த்தார். "இப்ப படகுல ஏத்தினா இன்னும் சுத்தும். கொஞ்ச நேரம் அசையாம படுக்கட்டும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு நாகரிகமாகக் கீழே போய்விட்டார்.

பொழுது சாய்ந்தது. சுற்றிலும் மலை கறுத்தது. கீழே அறை விளக்கைப் போட்டார்கள் போல, வீட்டைச் சுற்றித் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்தது. விளக்கு எரிந்தால் ஒரு பெரிய மீன் வரும். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து, எதுவும் பிடிக்காத மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெரியவன் பேர் வைத்திருந்தான். அது வந்து நின்றிருக்க வேண்டும், கீழேயிருந்து டாக்டர் மனைவியின் வியப்புச் சத்தம் கேட்டது. அவ்வளவு அழகான இடம் அது.

சின்னவன் பெஞ்சில் கம்பளிக்குள் படுத்திருந்தான். சின்னவள் அவன் தலைமாட்டில். பெரியவள் சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை.

"சுத்தமா இருந்த இடத்தை ஏன் காட்டினீங்க?" என்றாள் சின்னவள். கோபம் இல்லாத குரல். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அந்த முகமூடியைப் போட்டா அவன் எங்க வீட்டுக்காரர் மாதிரியே இருக்கான்." பெரியவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "அவன் மேல வந்துட்டா அவர் போயிடுவார். அதனால காட்டினேன். இன்னைக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளா."

"அவருக்குக் காது போச்சுன்னு காலையில சொன்னேனே. அப்புறமுமா?"

"அப்புறமும்தான்."

தண்ணீர் மரத்தில் மோதுகிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றான் சின்னவன். கண்ணைத் திறக்கவில்லை. "பாசி இருந்தா கை வழுக்கும். சுத்தமான கண்ணாடி கையைப் பிடிக்கும். மொத வாரமே தெரியும். நான் மேல ஏறும்போது ஒரு தடவை திரும்பிப் பாத்தேன். நீங்க மூலையில கையை வச்சிட்டு நின்னீங்க. அண்ணன் வைக்கிற இடம். அதான், நீங்க காட்டின இடமெல்லாம் துடைச்சேன்."

பெரியவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஒரு வருஷத்தில் அவள் அழுத அழுகை எல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

சின்னவள் அழவில்லை. புருஷனின் தலைமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் இறங்கினீங்களா?"

அவன் கம்பளியை மார்புவரைக்கும் இழுத்துக்கொண்டான்.

"அவங்களாவது பிரமையில இருந்தாங்க. நீங்க தெளிவா இருந்துக்கிட்டு, இது வயித்துல இருக்கறது தெரிஞ்சுக்கிட்டு, செத்தவருக்கு வேஷம் கட்டப் போனீங்களா?"

"நான் அப்படி நினைக்கல" என்றான்.

"நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி நினைக்கவே இல்ல."

அது நிஜம்.

சின்னவள் எழுந்தாள். ஈர உடுப்பெல்லாம் தளத்தின் ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. அதிலிருந்து முகமூடியை எடுத்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து இரண்டடியில் தண்ணீர். வீசப்போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். வீசட்டும் என்றும் நினைத்தாள். ஆனாலும் அவள் கால் ஒரு எட்டு முன்னால் போய்விட்டது.

"அறையை மூடிடலாம்" என்றாள் பெரியவள் அவசரமாக. "யாரும் இறங்க வேண்டாம். போதும்."

"மூடினா?" சின்னவள் திரும்பினாள். "பாசி ஏறிப்போன கண்ணாடிக்கு முன்னால நாற்காலியைப் போட்டுட்டு நீங்க உக்காந்திருப்பீங்க. எழுந்து வரவே மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?"

முகமூடியை அவள் கையில் வைத்தாள்.

"நீங்க இறங்குங்க."

"நானா?"

"நல்லாத்தானே நீந்துறீங்க. முங்கறதை இவர் சொல்லிக்குடுப்பார், மேல உக்காந்துக்கிட்டு. நாளைக்கேன்னு சொல்லல. கத்துக்கிட்டு இறங்குங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு பாருங்க, உள்ள யார் உக்காந்திருக்கான்னு."

"உள்ள யார் உக்காருவா?"

"நான்தான்."

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் சமாதானம் இல்லை. பகையும் இல்லை. தண்ணீருக்குள் தனியாக நின்று, இந்த முகம் காட்டுகிற விரலை நம்பித்தான் மேலே வர வேண்டும் என்றால் வர முடியுமா என்று யோசித்தாள். சின்னவன் நம்பினான்.

"உன்னால என்னை மன்னிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு முடியாதுக்கா. கேக்காதீங்க."

பெரியவள் முகமூடியை முகத்தில் வைத்தாள். பட்டை தலையைச் சுற்றித் தொளதொளவென்று தொங்கியது. சமையலறை ஜன்னலில் இருட்டு ஏறியிருந்தது. அந்தக் கண்ணாடியில் முகமூடி போட்ட ஓர் உருவம் அவளைப் பார்த்தது. ஒரு வருஷமாகத் தேடிய அதே முகமூடி. அதற்குள் இருந்தவை அவளுடைய கண்கள், அழுது வீங்கியவை. வேறு யாரும் இல்லை.

கழற்றினாள். பட்டையின் பிடியில் பெரியவனின் அளவில் ரப்பர் மடிந்து, வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. யாரையும் தொடவிடாத கோடு. கட்டை விரலால் அதை ஒரு தடவை தடவினாள். பிறகு பிடியைத் திறந்து பட்டையை இழுத்தாள். கோடு பிடிக்குள் போய் மறைந்தது. மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவு போதுமா?"

சின்னவள் பக்கத்தில் வந்து, காதுக்கு மேலே பட்டைக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"இன்னும் இறுக்குங்க" என்றாள். "தண்ணி ஏறும்."